640 டாலருக்கு வாங்கி 1,180 டாலருக்கு விற்ற வலைத்தளம்: கையில் எவ்வளவு நின்றது?

என் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டே எண்கள் இருக்கின்றன. வாங்கிய விலை 640 டாலர், விற்ற விலை 1,180 டாலர். அன்றன்றைய சந்தை மாற்று விகிதத்தில் ரூபாயாக்கினால் 53,184-க்கு வாங்கி 99,592-க்கு விற்றிருக்கிறேன். பத்து மாதத்தில் 46,408 ரூபாய் வித்தியாசம். வலைத்தளம் வாங்கி விற்கும் தொழிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு எண்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்குப் பின்னால் வரும் பக்கங்களில்தான் உண்மையான கணக்கு இருக்கிறது என்பதால், ரசீதுகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

தளம் ஆங்கிலத்தில் இருந்தது. பழைய தையல் இயந்திரங்களைப் பராமரிப்பது, பழுது பார்ப்பது பற்றி 62 கட்டுரைகள். வேர்ட்பிரஸ் என்ற தள நிர்வாக மென்பொருளில் ஓடியது. விளம்பரத்திலும் அமேசான் இணைப்புகளிலும் (அதன் வழியே யாராவது பொருள் வாங்கினால் கமிஷன் கிடைக்கும்) சேர்ந்து மாதம் 24 டாலர் வருமானம் என்று உரிமையாளர் காட்டினார். நான் வாங்கிய விலை மாத வருமானத்தைப்போல 26 மடங்குக்குச் சற்று மேல். சிறிய தளங்களுக்கு 20 முதல் 40 மடங்கு வரை கேட்பது வழக்கம்தான். எங்கள் வீட்டில் அம்மாவின் மிதி இயந்திரம் இன்றும் ஓடுகிறது. பாபினில் நூல் சிக்கினால் எங்கே தூசி இருக்கும் என்று எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். தெரிந்த பொருளைப் பற்றிய தளத்தைத்தான் தொட வேண்டும் என்று வைத்திருந்ததால் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

தளங்களை ஏலம் விடுவதற்கென்றே சந்தைகள் இருக்கின்றன. மெல்போர்னில் சைட்பாயிண்ட்டிலிருந்து பிரிந்து 2009-இல் தனியாக நின்ற ஃபிளிப்பாவைப் பலரும் அறிவார்கள். இன்னும் சில இடங்களில் தரகர்களே தளத்தைச் சோதித்துப் பட்டியலிடுகிறார்கள். நான் பயன்படுத்திய சந்தையின் பெயர் இந்தக் கணக்குக்குத் தேவையில்லை. கட்டண விகிதங்கள் இடத்துக்கு இடம் மாறும், ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆனால் கட்டணம் எந்தெந்த இடத்தில் பிடிக்கப்படுகிறது என்பது எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வாங்குவதற்கு முன் உரிமையாளரிடம் ஸ்கிரீன்ஷாட் கேட்கவில்லை. தேடலிலிருந்து தளத்துக்கு வரும் கிளிக்குகளைக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் பார்வையாளர் அனுமதி கேட்டேன். அன்று மாலையே கொடுத்துவிட்டார். படத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம், சர்ச் கன்சோலைத் திருத்த முடியாது. அதில் தெரிந்த ஒரே கவலை, மொத்தக் கிளிக்குகளில் 41 சதவீதம் ஒரே கட்டுரைக்கு வந்ததுதான். பாபின் நூல் இறுக்கம் பற்றிய கட்டுரை அது. ஒற்றைத் தூணில் நிற்கும் கூரை. இதைக் காட்டித்தான் 700-லிருந்து 640-க்கு இறக்கினேன். இணைய ஆவணக் காப்பகத்தில் அந்த டொமைனின், அதாவது தள முகவரியின், பழைய பக்கங்களையும் பார்த்தேன். முன்பு சூதாட்டத் தளமாகவோ வேறெதுவாகவோ இருந்திருக்கவில்லை.

2024 ஜனவரி கடைசியில் பணம் அனுப்பினேன். முதல் அடி இங்கே விழுந்தது.

விலை 640. பணம் எஸ்க்ரோவில், அதாவது இரு தரப்புக்கும் பொதுவான மூன்றாம் ஆளிடம், நிற்க வேண்டும். அதன் கட்டணத்தை இருவரும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டோம். என் பங்கு 16 டாலர். ஆக 656. வங்கிக்குப் போய் ஏ2 படிவம் நிரப்பி, எதற்காக அனுப்புகிறேன் என்ற நோக்கக் குறியீட்டையும் எழுதிக் கொடுத்தேன். அன்று சந்தை விகிதம் டாலருக்கு 83.10. வங்கி எனக்குக் கொடுத்த விகிதம் 84.50. ரசீதில் இந்த 1 ரூபாய் 40 காசு கட்டணம் என்ற பெயரில் எங்கும் இருக்காது. விகிதத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும், 656 டாலருக்கு 900 ரூபாய்க்கு மேல். அதன்மேல் வங்கிக் கமிஷன் ஜிஎஸ்டியோடு 1,180. நாணய மாற்றத்துக்கான ஜிஎஸ்டி 100.

மூன்று நாள் கழித்து எஸ்க்ரோவிலிருந்து செய்தி: 638 டாலர்தான் வந்திருக்கிறது, 18 குறைகிறது, முழுத்தொகை சேராமல் பரிவர்த்தனை தொடங்காது. வழியில் இருந்த இடைநிலை வங்கி தன் கூலியை எடுத்துக்கொண்டிருக்கிறது. ஸ்விஃப்ட் பரிமாற்றத்தில் யார் கூலி கொடுப்பது என்பதற்கு மூன்று தெரிவுகள் உண்டு: அவர் (OUR), ஷா (SHA), பென் (BEN). முதலாவது என்றால் எல்லாக் கூலியும் அனுப்புகிறவருடையது, இரண்டாவது பகிர்வு, மூன்றாவது பெறுகிறவருடையது. படிவத்தில் அந்தக் கட்டத்தை நான் நிரப்பவில்லை. கிளையில் பகிர்வு என்று போட்டுவிட்டார்கள். குறைந்த 18 டாலரைக் கடன் அட்டையில் கட்டினேன். அட்டையில் அந்நிய நாணயத்துக்கு 3.5 சதவீதம், அந்தத் தொகையின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, சேர்ந்து 4.13 சதவீதம். அப்படி அந்த 18 டாலர் 1,565 ரூபாயாக முடிந்தது.

எல்லாம் கூட்டினால் 58,277. தளத்தின் மீது கை வைப்பதற்கு முன்பே விலைக்கு மேல் 5,093 ரூபாய், அதாவது 9.6 சதவீதம், போய்விட்டது.

கைமாற்றம் எளிதாக நடந்தது. டொமைனை வேறு பதிவாளருக்கு மாற்றினால் ஓராண்டுப் புதுப்பிப்புக் கட்டணம் கட்ட வேண்டும், அதோடு டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் விதிப்படி 60 நாள் வேறெங்கும் நகர்த்த முடியாத பூட்டும் விழும். அவர் பயன்படுத்திய அதே பதிவாளரிடம் நானும் ஒரு கணக்குத் திறந்தேன். கணக்கிலிருந்து கணக்குக்குத் தள்ளிவிட்டார், செலவில்லை. தளத்தின் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் முழு நகலாக வாங்கி என் ஹோஸ்டிங்கில் ஏற்றினேன். சரிபார்த்தபின் எஸ்க்ரோவுக்குச் சம்மதம் சொன்னேன். பணத்தை விடுவிக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன் தளம் நம் சர்வரில், நம் டொமைன் கணக்கில் ஓட வேண்டும். இதில் நான் ஒருபோதும் அவசரப்படுவதில்லை.

பட்டியலில் எழுதப்படாத செலவுகள் இந்த நேரத்தில்தான் வந்தன. தளத்துக்குத் தோற்றம் தரும் தீம் பழைய உரிமையாளர் பெயரில் வாங்கப்பட்டது. உரிமம் தளத்தோடு வரவில்லை. புதிதாக 49 டாலர், அட்டைக் கட்டணத்தோடு 4,245 ரூபாய். ஹோஸ்டிங் ஓராண்டுக்கு 3,400. டொமைன் புதுப்பிப்பு 1,150. அதைவிடப் பெரிது வருமானம் நின்றுபோனது. கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸில் கணக்கு ஆள்மாறாது. தளத்தை என் கணக்கில் புதிதாகச் சேர்த்து அனுமதி கேட்டேன். 19 நாள் ஆயிற்று. அதுவரை ஒரு விளம்பரமும் ஓடவில்லை. அமேசானிலும் அப்படித்தான், கமிஷன் யாருக்கு என்று காட்டும் இணைப்புக் குறி என்னுடையதாக மாற வேண்டும், புதிதாகச் சேர்கிறவர் 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது காட்ட வேண்டும். "மாதம் 24 டாலர்" என்பது அவருடைய கணக்குகளில் வந்த வருமானம். என்னிடம் முதல் முழு மாதத்தில் வந்தது 6 டாலர்.

இனி பழுது பார்த்த கதை.

இணைப்புக் குறியை மாற்றுவது முதல் வேலை. 62 கட்டுரைகளில் நானூறுக்கும் மேற்பட்ட இணைப்புகள். தரவுத்தளத்துக்குள் போய் நேரடியாக எஸ்க்யூஎல்லில் மாற்றத் தோன்றும், செய்யக்கூடாது. வேர்ட்பிரஸ் சில அமைப்புகளை எழுத்துகளின் எண்ணிக்கையோடு சேர்த்துச் சேமிக்கிறது. பழைய குறி 12 எழுத்து, புதியது 14 என்றால் எண்ணிக்கை பொருந்தாமல் விட்ஜெட்டுகள் காணாமல் போகும். வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ கருவியின் தேடி மாற்றும் கட்டளை அந்த எண்ணிக்கையையும் சேர்த்துத் திருத்தும். முதலில் ஒத்திகையாக ஓட்டி எத்தனை இடம் மாறும் என்று பார்த்தேன், பிறகு நகல் எடுத்தேன், அதற்குப் பிறகே உண்மையாக ஓட்டினேன்.

அடுத்து சர்வர். வேர்ட்பிரஸ் ஓடும் நிரல்மொழியான பிஎச்பியின் 7.4 பதிப்பில் தளம் இருந்தது, 2022 நவம்பரிலேயே அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. 8.1-க்கு ஏற்றியதும் தொடர்புப் படிவ பிளகின் உடைந்தது. ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்கப்படாத பிளகின் அது. எடுத்தெறிந்துவிட்டு எளிய ஒன்றை வைத்தேன். படங்கள் ஒவ்வொன்றும் 3, 4 எம்பி. கேமராவிலிருந்து எடுத்து அப்படியே ஏற்றியிருந்தார்கள். அளவைச் சுருக்கி வெப்பி வடிவத்துக்கு மாற்றியதில் முகப்புப் பக்கம் 11 எம்பியிலிருந்து ஒரு எம்பிக்குக் கீழே வந்தது. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்பது கட்டுரைகளை மூன்றாகச் சேர்த்து, பழைய முகவரிகளுக்கு வருகிறவர்கள் புதியவற்றுக்குப் போகும்படி 301 திசைதிருப்பல் போட்டேன்.

மார்ச் 5-ஆம் தேதி கூகுள் தன் மையத் தேடல் புதுப்பிப்பை, அதாவது தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் முறையில் செய்யும் பெரிய மாற்றத்தை, தொடங்கியது. ஏப்ரல் 19 வரை, 45 நாள் நீடித்தது. நாளுக்கு 190 பேர் வந்துகொண்டிருந்த தளத்துக்கு 120 பேர் வந்தார்கள். எல்லாப் படங்களும் இருக்கும் இடத்தில் இருந்தன, வேகம் கூடியிருந்தது, ஆனால் ஆட்கள் வரவில்லை. அந்த வாரங்களில் ஒவ்வொரு கட்டுரையையும் அச்செடுத்து, பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன். குறை விளங்கியது. ஒரு கட்டுரையிலும் எழுதியவர் இயந்திரத்தைத் திறந்து பார்த்ததற்கான தடயமே இல்லை. எல்லாம் வேறெங்கோ படித்து மாற்றி எழுதியவை.

கோவையில் எங்கள் வீட்டுக்கு அருகே தையல் இயந்திரம் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அம்மாவின் இயந்திரத்தை முப்பது ஆண்டாகப் பார்த்துவருபவர். அவருடைய கடையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்தேன். அவர் பாபின் கூட்டைக் கழற்றுவார், நான் படம் எடுப்பேன். நூல் இறுக்கம் பற்றிக் கேட்டதும் அவர் திருகாணியைத் தொடவே இல்லை. "தம்பி, எல்லாரும் திருகாணியைத்தான் திருகுகிறார்கள். முதலில் ஊசியைப் பாருங்கள், பக்கம் மாற்றிப் போட்டிருந்தால் தையல் விட்டு விட்டுத்தான் விழும். அடுத்தது இந்தப் பட்டை" என்று பாபின் கூட்டின் மேல் இருக்கும் மெல்லிய இரும்புப் பட்டையை நகத்தால் தூக்கி, அதற்கடியில் இருந்த பஞ்சுத் தூசியை ஊதிக் காட்டினார். அந்த ஒரு படம் போதுமாயிருந்தது. 41 சதவீதக் கிளிக்குகளைத் தாங்கிய கட்டுரையை அந்த வரிசையிலேயே திரும்ப எழுதினேன். இன்னும் 14 கட்டுரைகளுக்கு அவர் கையும் அவர் மேசையும் இருக்கும் படங்களைப் போட்டேன். அவர் வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் 6,000 ரூபாய் கொடுத்தேன். இந்தத் தளத்துக்குச் செய்த செலவுகளில் மனம் நிறைந்து செய்தது அது ஒன்றுதான்.

மே மாதத்திலிருந்து வருகை மெல்ல ஏறியது. ஆகஸ்ட் புதுப்பிப்புக்குப் பின் நாளுக்கு 300-ஐத் தாண்டியது. மே முதல் அக்டோபர் வரை சராசரி மாத வருமானம் 38 டாலர். ஆட்சென்ஸ் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்பும், அதுவும் அடுத்த மாதம் 21-க்கும் 26-க்கும் இடையில். தனியாக இந்தத் தளத்தை மட்டும் வைத்திருந்தால் நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் பணத்தைப் பார்த்திருப்பேன். என் இன்னொரு சிறிய தளமும் அதே கணக்கில் இருந்ததால் தப்பித்தேன். பத்து மாதத்தில் இந்தத் தளத்தின் பங்காக வங்கிக்கு வந்தது 21,640 ரூபாய்.

அக்டோபர் இறுதியில் விற்பனைக்கு வைத்தேன். பட்டியல் கட்டணம் 39 டாலர். பட்டியலை மேலே நிறுத்திக் காட்டுவதற்கு இன்னும் 65 டாலர். இரண்டையும் கட்டினேன். இரண்டாவது தேவையில்லாத செலவு. அதனால் பார்த்தவர்கள் எண்ணிக்கை கூடியது. ஆனால் வாங்கியவர் தேடல் பெட்டியில் தையல் என்று தட்டி வந்தவர், அவராகவே சொன்னார். குறுகிய துறைத் தளத்துக்கு அந்தத் துறையைத் தேடும் நான்கு பேர்தான் வாங்குபவர்கள். அவர்கள் எப்படியும் கண்டுபிடிப்பார்கள்.

மாத லாபத்தைப்போல சுமார் 35 மடங்கில், 1,180 டாலருக்கு முடிந்தது. இனி ஒவ்வொரு கையாகப் பிடித்துக்கொண்டது: சந்தையின் கமிஷன் 10 சதவீதம், 118 டாலர். எஸ்க்ரோவில் என் பாதி 28. எஸ்க்ரோவிலிருந்து என் வங்கிக்கு அனுப்பும் கூலி 20. இடைநிலை வங்கி 15. மீதி 999 டாலர். சந்தையில் டாலர் 84.40 விற்ற அன்று வங்கி எனக்கு 83.70 கொடுத்தது. உள்வரவுக் கட்டணமும் ஜிஎஸ்டியும் கழித்து 83,229 ரூபாய் கணக்கில் ஏறியது. முன்பே கட்டிய 104 டாலர் பட்டியல் செலவு அட்டைக் கட்டணத்தோடு 9,107. அதையும் கழித்தால் 74,122. சந்தை மதிப்பில் 99,592 ரூபாய்க்கு விற்ற பொருளில் 25.6 சதவீதம் வழியிலேயே இறங்கிவிட்டது. பத்து சதவீதக் கமிஷன் என்று நினைத்துக்கொண்டு விற்க வருகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை வாய்விட்டுப் படித்துக்கொள்ள வேண்டும்.

மொத்தக் கணக்கு இது. வாங்கும்போதும் விற்கும்போதும் கட்டணமாகவும் நாணய மாற்றத்திலும் போனது 30,563. தீம், ஹோஸ்டிங், டொமைன், அண்ணனுக்குக் கொடுத்தது எல்லாம் சேர்ந்து 14,795. 46,408-லிருந்து இரண்டையும் கழித்தால் வாங்கி விற்றதில் நின்ற லாபம் 1,050 ரூபாய். இந்த எண்ணை நான் மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். விலையை ஏறக்குறைய இரு மடங்காக்கிய வேலைக்கு 1,050 ரூபாய். தளம் ஓடிய பத்து மாதத்தில் தானாகச் சம்பாதித்த 21,640 சேர்ந்ததால்தான் கையில் 22,690 நின்றது, அதுவும் வருமான வரிக்கு முன்பு. நான் செலவிட்ட நேரம் நோட்டின்படி 146 மணி. மணிக்கு 155 ரூபாய்.

கட்டணங்களைத் திரும்பப் பிரித்துப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. 30,563-இல் 15,042 ரூபாய், ஏறக்குறைய பாதி, விலையோடு சம்பந்தமில்லாத நிலையான தொகை: பட்டியல் கட்டணம், வங்கிக் கமிஷன், இடைநிலை வங்கி, எஸ்க்ரோ அனுப்பும் கூலி. தளம் 600 டாலரானாலும் 6,000 டாலரானாலும் இவை அதிகம் மாறா. அதனால் சிறிய தளம் என்றால் ஆபத்து குறைவு என்று நான் நினைத்திருந்தது பாதி உண்மைதான். முதலீடு குறைவு, ஆனால் அதன் மேல் கட்டணத்தின் பளு அதிகம். 300 டாலர் தளத்தை வாங்கி 500-க்கு விற்கிறவர் என் இடத்தில் இருந்திருந்தால், இதே நிலையான தொகையே அவருடைய 200 டாலர் வித்தியாசத்தில் பெரும்பகுதியைத் தின்றிருக்கும்.

ஆடிட்டரிடம் காட்டியபோது அவர் முதலில் கேட்டது லாபத்தை அல்ல, வெளிநாட்டு உள்வரவுச் சான்றிதழை. பணம் வந்த அன்றே வங்கியிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அலைவது பெரும்பாடு. நான் திரும்பத் திரும்ப இதைச் செய்வதால் தொழில் வருமானமாகவே காட்டினார். கட்டண ரசீதுகள் எல்லாவற்றையும் செலவாக எடுத்துக்கொண்டார். எழுதி வைக்காத கட்டணத்துக்குச் சலுகை கிடையாது.

இப்போது ஏலம் கேட்பதற்கு முன்பே பின்னாலிருந்து கணக்குப் போடுகிறேன். சென்ற வாரம் பார்த்த ஒரு தளத்தைச் சொல்கிறேன். தோட்டக் கருவிகள் பற்றியது, உரிமையாளர் கேட்டது 1,900 டாலர். வேலை செய்தபின் 2,600-க்கு விற்க முடியும் என்று மதிப்பிட்டேன். அதிலிருந்து கமிஷன் 260, எஸ்க்ரோ பாதி 65, திரும்பி வரும்போது நாணய மாற்று இழப்பு 23, பட்டியலும் அனுப்பும் கூலியும் இடைநிலை வங்கியும் 74. மேலே நிறுத்திக் காட்டும் கட்டணம் இம்முறை கிடையாது. பழுதுச் செலவு 200. வாங்கும்போது அனுப்பும் கூலி 35. எல்லாக் கூலியும் என்னுடையது என்றே படிவத்தில் போடுவேன், தொகை குறைந்து நிற்பதைவிட அது நல்லது. எனக்கு வேண்டிய குறைந்தபட்ச லாபம் 400. இவை போக நிற்பது 1,543. வாங்கும்போது எஸ்க்ரோவும் நாணய மாற்றமும் சேர்ந்து 4.2 சதவீதம் ஏறும் என்பதால் 1.042-ஆல் வகுத்தால் 1,480. மாத வருமானத்தை இதில் சேர்க்கவில்லை. கைமாறிய முதல் மாதங்களில் அது வற்றிப்போவதை ஒருமுறை பார்த்தாகிவிட்டது, வந்தால் வரட்டும்.

1,480 என்று எழுதி, ஏன் அந்த எண் என்பதையும் இரண்டு வரியில் விளக்கி அனுப்பினேன். உரிமையாளர் பண்பாகப் பதில் எழுதினார். 1,750 வரை இறங்குவதாகச் சொன்னார். நல்ல தளம், கட்டுரைகளை எழுதியவர் மண்ணைத் தொட்டவர் என்பது படித்தாலே தெரிகிறது. தாளை இன்னொருமுறை போட்டுப் பார்த்தேன். 2,600 என்ற என் மதிப்பீட்டை ஏறக்குறைய 2,925 ஆக்கினால்தான் அந்த விலை பொருந்துகிறது, அப்படி ஆக்குவதற்கு என்னிடம் எந்தக் காரணமும் இல்லை. நன்றி சொல்லி விலகிக்கொண்டேன்.